கிழக்கே தங்கிவிட்ட பெயர்

கோடு போடுகிறவர்கள் காலையில் வந்தார்கள், மதியம் ஊரார் அடித்துக் கொடுத்த கோழியைச் சாப்பிட்டார்கள், சாயங்காலம் கிளம்பிப் போய்விட்டார்கள். ஒரு ஊரை இரண்டாக்குவதற்கு அவ்வளவு நேரம்தான் பிடித்தது, அதிலும் பாதி நேரம் சாப்பாட்டுக்கும், சாப்பிட்ட களைப்பில் மரத்தடியில் கால் நீட்டிப் படுத்ததற்கும் போயிற்று.

அந்த ஊரின் பெயர் அட்டிகோப்பே. ஆப்பிரிக்காவின் மேற்குக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக, எண்ணெய்ப் பனைகளையும் சோளக் கொல்லைகளையும் தாண்டி நடந்துகொண்டே போனால் வரும், எவே என்ற இனத்து மக்களின் ஊர். நடுவில் வடக்குத் தெற்காக ஒரு மண்பாதை. பாதைக்கு மேற்கே பாதி வீடுகளும் கிணறும், கிழக்கே மீதி வீடுகளும் இடுகாடும். மேற்கே ஒருவன் செத்தால் கிழக்கே கொண்டுவந்து புதைப்பார்கள், கிழக்கே ஒருத்திக்குத் தாகமெடுத்தால் குடத்தோடு மேற்கே போவாள், இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, யார் யாருக்கு என்ன முறை என்று சொல்லி முடிப்பதற்குள் அடுப்பிலிருந்து இறக்கிய களி ஆறிப் போய்விடும். அந்தப் பாதையை எல்லை என்று அதுவரை ஒரு ஆடுகூட நினைத்ததில்லை.

வந்த வெள்ளைக்காரர்கள் மூன்று கால் வைத்த ஒரு பித்தளைக் குழாய்க்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார்கள், இரும்புச் சங்கிலியை இழுத்துப் பிடித்து அளந்தார்கள், பாதை நெடுக வெள்ளையடித்த கற்களை நட்டார்கள். மேற்கே இருப்பதெல்லாம் இனி இங்கிலாந்து ராணிக்கு, கிழக்கே இருப்பதெல்லாம் ஜெர்மன் சக்கரவர்த்திக்கு என்று அவர்களுடைய மொழிபெயர்ப்பாளன் அறிவித்தபோது, ஊர்ப் பெரியவர் தோட்சே, எதையும் நிதானமாகக் கேட்டுக்கொள்கிற மனிதர், "நல்லது. அவங்க ரெண்டு பேரும் எப்போ குடிவர்றாங்க?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் சிரித்த சிரிப்பு அதுதான் கடைசி என்று அப்போது யாருக்கும் தெரியாது.

மறுநாள் விடிந்ததும் கோப்லா கிழக்கே தன் வேலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பாதைக்கு எதிர்ப்புறம் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை எசினாமிடம் கொஞ்சம் நெருப்பு வேண்டுமென்று குரல் கொடுத்தான். கோப்லாவுக்குப் பெரிய தொண்டை. அவன் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த கொல்லையில் குருவி எழும்பும். ஆனால் எசினாம் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டான். அவள் தற்செயலாக நிமிர்ந்து, அண்ணன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டு, பல்வலி என்று நினைத்துப் பதறி என்னவோ கேட்டாள். அவள் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. அவள் கையிலிருந்த உலக்கை நழுவி விழுந்த சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்டது.

அன்றைக்கு முழுவதும் ஊர் இதைச் சோதித்துப் பார்த்தது. ஆட்டின் கத்தல் பாதையைத் தாண்டியது, புகை தாண்டியது, வெண்டைக்காய்க் குழம்பின் வாசனை தாண்டியது, முரசு தாண்டியது, ஆனால் முரசை அடித்து "குழம்பில் உப்பு குறைச்சல்" என்று எந்த மனுஷனால் சொல்ல முடியும்? மனிதத் தொண்டையிலிருந்து வருவது மட்டும் தாண்டவில்லை. பேச்சு தாண்டவில்லை, பாட்டு தாண்டவில்லை, அழுகை தாண்டவில்லை, தோட்சே பெரியவர் பொடி போட்டுக்கொண்டு வேண்டுமென்றே தும்மிப் பார்த்த தும்மலும் தாண்டவில்லை. ஆட்கள் தாராளமாகத் தாண்டலாம், ஆனால் தாண்டியவனின் குரல் அவன் பிறந்த பக்கத்திலேயே, வாசலில் கழற்றிவிட்ட செருப்பைப் போல, நின்றுவிடும். போன இடத்தில் அவனுக்குக் காது கேட்கும், வாய் பேசாது. ஆனால் எதிர்ப்பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன பெண்கள்? எசினாம் பிறந்தது கிழக்கே, வாழ்ந்தது மேற்கே. அவள் குரல் எங்கே நிற்கப் போகிறதென்று எல்லோரும் பார்த்தார்கள். கோடு போட்ட ராத்திரி அவள் எங்கே படுத்துத் தூங்கினாளோ அங்கேயே, மேற்கே, நின்றுவிட்டது.

ஊர் என்றால் எதையும் பழகிக்கொள்ளும். அட்டிகோப்பேயும் பழகிக்கொண்டது. சந்தையில் கிழக்கத்திப் பெண் மேற்கே வந்தால், மேற்கத்திக்காரி விலையைச் சொல்லி முடிப்பாள், பிறகு இருவரும் கூடையோடு பாதையைத் தாண்டிக் கிழக்கே போவார்கள், கிழக்கத்திக்காரி அங்கே நின்று அந்த விலைக்கு அவள் பரம்பரையையே திட்டுவாள், மறுபடி இருவரும் மேற்கே வருவார்கள். இப்படி ஒரு கூடை மிளகாய்க்குப் பாதி நாள் போகும். பெண்டாட்டியின் வாய்க்குப் பயந்த புருஷன்கள் எதிர்ப்பக்கத்தில் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள்; அவள் துரத்திக்கொண்டு வந்தாலும் அங்கே அவளால் முறைக்கத்தான் முடியும். பஞ்சாயத்து நடக்கும்போது ஊரே ஒரு பக்கம் உட்கார்ந்து பாதி வழக்கைக் கேட்டு, எழுந்து போய் மறுபக்கம் உட்கார்ந்து மீதியைக் கேட்டது. ஆரம்பத்தில் இதில் கொஞ்சம் வேடிக்கைகூட இருந்தது, அதை மறைத்துப் பயனில்லை.

வெள்ளைக்காரர்களின் குரல் மட்டும் தாண்டியது. பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆங்கிலேய அதிகாரியும் அந்தப் பக்கம் ஒரு ஜெர்மானிய அதிகாரியும் காவல் குடிசை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். சாயங்காலமானால் இரண்டு பேரும் வெள்ளைக் கல்லுக்கு இருபுறமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தத்தம் பாட்டிலிலிருந்து ஊற்றிக் குடித்தபடி, மணிக்கணக்கில் பேசிச் சிரித்தார்கள். ஊர் ஜனம் இரண்டு பக்கமும் நின்று அந்தச் சிரிப்பு கல்லின்மேல் தங்குதடையில்லாமல் போய் வருவதை வேடிக்கை பார்த்தது. இந்த ஊர்க்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே தெரியாத ஜனங்கள் என்று அந்த இரண்டு பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எனக்கு இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது.

சில வருஷம் கழித்து எசினாமுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. அதற்கு முன்னால் இரண்டைப் பறிகொடுத்தவள் அவள். பிள்ளை பிறந்தது வியாழக்கிழமை. வியாழக்கிழமை பிறந்த ஆண்பிள்ளை எல்லாமே அங்கே யாவோதான். சந்தையில் யாவோ என்று கூப்பிட்டால் பாதிக் கூட்டம் திரும்பும். அது கிழமையின் பெயர், பிள்ளையின் பெயர் இல்லை. பிள்ளைக்குச் சொந்தமான பெயரை எட்டாம் நாள் தாய்மாமன்தான் சொல்ல வேண்டும். தகப்பன் வீட்டுக் கூரையின்மேல் தண்ணீர் வீசுவார்கள், கூரை விளிம்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர் பிள்ளையின் வெற்றுடம்பில் விழும்போது மாமன் அவனைத் தூக்கிப் பெயரை உரக்கச் சொல்வான், ஊர் திருப்பிச் சொல்லும். அதுவரைக்கும் அது வந்துபோக வந்த விருந்தாளி. பெயர் வைத்த பிறகுதான் அது இங்கே தங்குவதாக அர்த்தம். இரண்டு விருந்தாளிகளை வழியனுப்பிய எசினாம் இந்த மூன்றாவதைத் தங்கவைத்தே தீருவது என்று இருந்தாள்.

எட்டாம் நாள் கோப்லா பாதையைத் தாண்டி மேற்கே வந்தான். கூரைமேல் தண்ணீர் வீசினார்கள், பிள்ளை வீறிட்டது, மாமன் தூக்கினான், வாயைத் திறந்தான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. ஒன்றும் வரவில்லை. கூடியிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெயரைக் கிழக்கே போய்த் தெரிந்துகொண்டு வந்து தானே சொல்லிவிடுவதாக எசினாமின் புருஷன் அக்பேகோ முன்வந்தான். தகப்பன் பெயர் வைத்த பிள்ளைக்குத் தாய்வழி ஏது என்று கிழவிகள் அவனை அடக்கினார்கள். பிறகு எல்லோருமாகக் கிழக்கே போய் தோட்சே பெரியவரின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

பெரியவர் ஒரு சிட்டிகைப் பொடி போட்டுக்கொண்டார். "மாமன் குரல் அங்கே வராது. அப்போ பிள்ளையை இங்கே கொண்டாங்க."

ஒரு கிழக்கத்திக் கிழவி மறுத்தாள். "தகப்பன் கூரை அங்கல்ல இருக்கு? யார் வீட்டுக் கூரைத் தண்ணியிலயோ பிள்ளையை நனைக்கிறதா?"

"அப்போ கூரையையும் கொண்டாங்க" என்றார் பெரியவர்.

அட்டிகோப்பே அன்றைக்குப் போல ஒரு ஊர்வலத்தை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அக்பேகோ வீட்டின் முன்புறக் கூரையை அறுத்து எடுத்து, நான்கு ஆண்கள் ஆளுக்கொரு மூலையாகத் தோளில் வைத்துக்கொள்ள, அதன் நிழலில் எசினாம் பிள்ளையோடு நடக்க, பின்னால் முரசும் பெண்களும் வர, வெள்ளைக் கற்களின் நடுவே அந்தக் கூரை ஆடி ஆடிப் பாதையைத் தாண்டியது. காவல் குடிசையிலிருந்து இரண்டு அதிகாரிகளும் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். கிழக்கே கோப்லாவின் முற்றத்தில் கூரையைத் தோளில் பிடித்தபடியே அவர்கள் நிற்க, தண்ணீரை வீசி, சொட்டுகிற துளிகளின் கீழே பிள்ளையைப் பிடித்து, கோப்லா தன் பெருந்தொண்டையைத் திறந்து சொன்னான்.

"எத்தோர்னாம்!"

பதில் கிடைத்துவிட்டது என்று அதற்குப் பொருள். கிழக்கத்திக்காரர்கள் எல்லோரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். மேற்கத்திக்காரர்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். எசினாமும் வாயை அசைத்தாள், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள், பாதையைத் தாண்டி மேற்கே வந்த உடனே பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கூப்பிட்டாள். வாயில் காற்றுதான் இருந்தது. கண்ணே என்று சொல்ல முடிந்தது, ராசா என்று சொல்ல முடிந்தது, யாவோ என்றும் சொல்ல முடிந்தது. அந்த ஒரு பெயர் வரவில்லை. அக்பேகோ முயன்றான், கிழவிகள் முயன்றார்கள், மேற்கே ஒருவருக்கும் வரவில்லை. கிழக்கே பிறந்த குரல் சொன்ன பெயர் கிழக்கேயே தங்கிவிட்டது. கூரையைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்குப் பெயரைத் தூக்கிக்கொண்டு வருவது எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து எசினாமுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. பெற்ற பிள்ளையை ஒரே ஒரு தடவை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மேற்கே அவளுக்குக் குரல் இருந்தது, பெயர் இல்லை. கிழக்கே பெயர் இருந்தது, குரல் இல்லை. கோப்லா ஒரு சுரைக்குடுக்கையில் பெயரைச் சொல்லி, வாயை மெழுகால் அடைத்து, மடியில் கட்டிக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு திறந்து பார்த்தாள். சுரைக்காயின் மணம் மட்டும் வந்தது. "பரவாயில்லண்ணே," என்று சொல்லிவிட்டு அழுதாள். அவனால் சமாதானம் சொல்லவும் முடியவில்லை, மேற்கேயல்லவா நின்றுகொண்டிருந்தான்.

ஆனால் பிள்ளைக்கு ஒரு வழி கிடைத்தது. ஓடப் பழகிய வயதிலேயே அவன் கண்டுகொண்டான், பாதைக்கு அந்தப் பக்கம் நிற்கும் மாமா தன்னைப் பார்த்து வாயை அகலத் திறந்து கையை வீசினால், ஓடிப் போய்க் கல்லைத் தாண்டிய உடனே ஒரு சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் தான்தான். தினம் சாயங்காலம் கோப்லா கொல்லையிலிருந்து திரும்பி வேலிக்குப் பக்கத்தில் நின்று வாயைத் திறப்பான், மேற்கேயிருந்து பையன் தலைதெறிக்க ஓடிவருவான், கல்லைத் தாண்டியதும் "எத்தோர்னாம்!" அவன் நெஞ்சில் மோதும். அவன் சிரிப்பான், கிழக்கே சத்தமில்லாமல்தான் சிரிக்க முடியும், ஆனால் உடம்பு முழுவதும் சிரிக்கும். எசினாம் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். பெரியவனான பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை, மீசை முளைத்த பிறகும் மாமா வாய் திறந்தால் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவான். அதைக் கண்டு மற்ற பையன்கள் கேலி செய்தார்கள்.

இதற்குள் ஊர் மெல்ல மெல்லக் கெட்டுப்போனது. கோட்டுக்குப் பிறகு பிறந்து, பாதையைத் தாண்டாமலே வளர்ந்த பிள்ளைகளுக்கு எதிர்ப்பக்கத்து மனிதர்கள் ஊமைகள். மேற்கத்திப் பிள்ளைகள் கிழக்கை ஊமைத் தெரு என்றார்கள், கிழக்கத்திப் பிள்ளைகள் மேற்கை ஊமைத் தெரு என்றார்கள். மேற்கே பள்ளிக்கூடம் வைத்து ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்கள், கிழக்கே தேவாலயம் வைத்து ஜெர்மன் சொல்லிக் கொடுத்தார்கள், இரண்டு பக்கத்துக் காவலும் சேர்ந்து சந்தைக்குப் போகிறவளின் கூடையைக் கிளறின. ஊமை வீட்டுக்கு எவன் பெண் கொடுப்பான்? கிணற்றடியில் கிழக்கத்திப் பெண்கள் பேசாமல் நிற்பதைத் திமிர் என்றார்கள். மேற்கத்திப் பிணத்தைப் புதைக்க வந்தவர்கள் சத்தம் போட்டு அழாததைக் கண்டு கிழக்கத்திப் பிள்ளைகள், இதுகளுக்குத் துக்கமே கிடையாது போல என்றார்கள். ஒருநாள் ஒரு கல் பாதையைத் தாண்டி வந்து விழுந்தது. கல் தாண்டும் என்பதை அன்றைக்கு இரண்டு பக்கமும் கற்றுக்கொண்டன. தோட்சே பெரியவர் செத்துப்போயிருந்தார், ஊரைக் கூட்டி உட்காரவைக்க யாருமில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் அதிகாரிகள் இருவரும் நாற்காலியைப் போடவில்லை. வெகுதூரத்தில் அவர்களுடைய ராஜாக்களுக்குள் சண்டை வந்துவிட்டதாம். ஒருவரையொருவர் தெரியாதவர்களைப் போல நடந்துகொண்டு, இரண்டு பேரும் ஊரில் ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

கிழக்கே திடகாத்திரமான ஆண்களையெல்லாம் சுமை தூக்கப் பிடித்துப் போனார்கள், கோப்லாவையும். ரயில் வந்து நிற்கும் ஊரிலிருந்து கனமான மரப்பெட்டிகளைத் தலையில் ஏற்றினார்கள். உள்ளே என்ன என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் தேவையிருக்கவில்லை. கழுத்து உள்ளே இறங்கிவிடும் போலிருந்த அந்தச் சுமையோடு, நின்றால் சாட்டை, விழுந்தால் உதை, காடும் மேடுமாக நடந்து நடந்து, பெட்டியை அவன் இறக்கிவைத்த இடம் அட்டிகோப்பேயின் இடுகாடு. அவனுடைய தாய் தகப்பன் படுத்திருந்த மேடுகளுக்குப் பின்னால் சிப்பாய்கள் பதுங்கினார்கள், அவர்களும் கறுப்பர்கள்தான், வேறெங்கேயோ பிடித்துவரப்பட்டவர்கள். அவர்கள் கோப்லாவின் கண்ணெதிரிலேயே பெட்டியை உடைத்துத் தோட்டாக்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

மேற்கே ஆங்கிலேயர்களுக்குப் பாதை தெரிந்த ஒருவன் வேண்டியிருந்தது. காக்கிச் சட்டை ஒன்றைக் கொடுத்து எசினாமின் மகன் யாவோவை எடுத்துக்கொண்டார்கள்.

"போகாதப்பா" என்றாள் எசினாம்.

"கிழக்கே போற வழிதானேம்மா. எனக்குத் தெரியாத வழியா?"

விடிகிற நேரம். கிணற்றடிப் பனிமூட்டத்திலிருந்து முதலில் ஒரு காக்கிச் சட்டை வெளியே வந்தது, பின்னால் தூரத்தில் நிழல்களாக மற்றவர்கள். அந்த நடையைக் கோப்லாவுக்குத் தெரியும். பக்கத்தில் துப்பாக்கிகள் உயர்ந்தன. அவன் யோசிக்கவில்லை. கல்லறை மேட்டின்மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் வீசி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வராதே, திரும்பிப் போ, ஓடு என்று தன் பெருந்தொண்டை கிழியக் கத்தினான். அந்தக் கத்தலை இடுகாட்டில் இருந்த அத்தனை சிப்பாய்களும் கேட்டார்கள். பாதைவரைக்கும் அது போயிற்று. அங்கே நின்றுவிட்டது.

மேற்கே நின்றவன் கண்டது என்ன? மாமா நிற்கிறார். வாயை அகலத் திறக்கிறார். கையை வீசுகிறார். பிறந்ததிலிருந்து அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அவன் முகம் மலர்ந்தது, கையில் இருந்த கம்பைப் போட்டான், தலைதெறிக்க ஓடிவந்தான். கோப்லா இன்னும் பலமாகக் கத்தினான், அவன் இன்னும் வேகமாக ஓடிவந்தான். வெள்ளைக் கல்லைத் தாண்டிக் கிழக்கே ஒரு காலை வைத்தபோது "எத்தோர்னாம்!" என்பது அவன் காதில் விழுந்தது. அதற்கு அடுத்த வார்த்தை விழுவதற்குள் துப்பாக்கி வெடித்தது.

சண்டை மதியத்துக்குள் முடிந்து இரண்டு பட்டாளமும் வேறு ஊர்களைத் தேடிப் போய்விட்டன. எசினாம் பாதையைத் தாண்டி வந்தாள். மகனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். கிழக்கேயல்லவா இருந்தாள், அழுகைகூட வரவில்லை. அவள் நெஞ்சு மட்டும் எம்பி எம்பி அடங்கியது. செத்தவனைக் குழியில் இறக்குமுன் பெற்றவள் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அவன் போகிற இடத்தில் யாரென்று தெரியாமல் நிற்பான். அவள் அண்ணனின் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்தாள். அவள் வாயைத் திறக்கத் திறக்க அவன் கூப்பிட்டான். அவளுக்காக அவன் எத்தோர்னாம் எத்தோர்னாம் என்று, தொண்டை கட்டிப் போகும்வரை கூப்பிட்டான்.

மண்ணைத் தள்ளி மூடிய பிறகு கோப்லா சொன்னான். "தங்கச்சி, அந்தப் பெட்டியைச் சுமந்துகிட்டு வந்தவன் நான்தாம்மா. என் தலையிலதான் வந்துது."

எசினாம் அவனைப் பார்த்தாள். பிறகு பேசினாள். அவள் உதடுகள் வெகுநேரம் அசைந்தன, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக. திட்டினாளா, மன்னித்தாளா, சபித்தாளா, அண்ணே உன்மேல் தப்பில்லை என்றாளா, அவனுக்குத் தெரியவில்லை. சொல்லி முடித்துவிட்டு அவள் எழுந்து மேற்கே போனாள். அதைக் கேட்க வேண்டுமானால் அவன் பாதையைத் தாண்டி அவள் வாசலுக்குப் போயிருக்க வேண்டும். பல நாள் வேலிவரைக்கும் போனான். தாண்டுவதற்கு அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ராஜாக்களின் சண்டை முடிந்தது. ஜெர்மானியர்கள் போய் வேறு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். எங்கேயோ ஒரு மேஜைமேல் வரைபடத்தை விரித்து, பழைய கோடு சரியில்லை என்று அழித்து, கிழக்கே மலைக்கு அப்பால் வேறு யாருடைய ஊருக்கு நடுவிலோ புதிதாக ஒன்றைப் போட்டார்கள். ஆட்கள் வந்து வெள்ளைக் கற்களைப் பிடுங்கி வண்டியில் ஏற்றினார்கள். அவர்கள் காலையில் வந்தார்கள், மதியம் சாப்பிட்டார்கள், சாயங்காலம் போய்விட்டார்கள்.

கற்கள் போன மறுகணமே குரல்கள் தாண்டின. யாரும் சந்தோஷப்படவில்லை. ஊமைகள் என்று நினைத்திருந்தவர்கள் தங்களுடைய பாஷையிலேயே பேசுவதைக் கேட்டு இரண்டு பக்கத்து இளவட்டங்களும் திகைத்து, பிறகு வெட்கப்பட்டு, பிறகு எரிச்சலடைந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். இத்தனை வருஷமாக எதிர்ப்பக்கத்துக்குக் கேட்காது என்ற துணிச்சலில் வாய்க்கு வந்தபடி பேசியே பழகியிருந்தார்கள், இப்போது என்ன பேசுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கோப்லா வேலிக்குப் பக்கத்தில், முன்பு தினம் சாயங்காலம் நிற்கும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். இனி தாண்ட வேண்டிய அவசியமில்லை. அன்றைக்கு இடுகாட்டில் சொன்னதை எசினாம் திருப்பிச் சொன்னால் இங்கிருந்தபடியே கேட்கும். அது எதுவாக இருந்தாலும் கேட்டுக்கொள்வது என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தான். அடுப்புப் புகை எழும்பியது. எசினாம் கையில் ஒரு தட்டோடு வாசலுக்கு வந்தாள். அவள் அவன் பக்கம் பார்க்கவில்லை. கிணற்றடியைப் பார்த்து, எந்தத் தாயும் எந்தச் சாயங்காலத்திலும் கூப்பிடுகிற மாதிரி, சாதாரணமாகக் கூப்பிட்டாள்.

"எத்தோர்னாம்! களி ஆறுது, வந்து சாப்பிடுப்பா!"

அந்தப் பெயரை மேற்கே ஒருவர் சொல்லி ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பக்கத்து வீடுகளிலும் பேச்சு நின்றது. அவள் மறுபடி கூப்பிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாராவது ஒருவர் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டியவன் தான்தான் என்று கோப்லாவுக்குத் தெரிந்தது. எழுந்து நின்று வாயைத் திறந்தான். அவன் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. நடுவில் இப்போது கல்லும் இல்லை, கோடும் இல்லை. இருந்தும் ஒன்றும் வரவில்லை.

எசினாம் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.